பழைய வீடியோ கேம் பெட்டியில் சிவப்பே வரவில்லை, பிக்சர் டியூப் போய்விட்டதா?

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் ஓடிய பெட்டி, டெம்போவில் வீடு வந்ததிலிருந்து படம் முழுக்கப் பச்சைநீலமாகத் தெரிகிறது என்கிறீர்கள். டியூபைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள்.

மூலையில் மட்டும் திட்டுத்திட்டாக நிறம் மாறினால் அது காந்தக் கோளாறு, காந்தத்தை நீக்கும் கம்பிச்சுருளான டீகாஸ் காயிலைக் காட்டினால் போகும். படம் முழுக்க ஒரே சாயம் என்றால் ஒரு நிறம் வரவில்லை. சிவப்பு போனால் பச்சைநீலம், பச்சை போனால் ஊதா, நீலம் போனால் மஞ்சள்.

கரண்டை நிறுத்திவிட்டு, கேமை ஓட்டும் சர்க்யூட் போர்டிலிருந்து மானிட்டருக்கு வரும் சிவப்பு, பச்சை ஒயர்களை இடம் மாற்றிச் சொருகுங்கள். இப்போது ஊதா அடித்தால் மானிட்டர் மேல் தப்பில்லை. போர்டிலோ ஒயரிலோ தேடுங்கள். சிவப்பு இன்னமும் வராவிட்டால், டியூபின் கழுத்தில் சொருகியிருக்கும் சின்ன போர்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சிவப்புக்கான டிரான்சிஸ்டரின் கால்களைச் சுற்றி, மோதிரம் போல மெல்லிய கருப்பு விரிசல் தெரிகிறதா பாருங்கள். சூட்டிலும் டெம்போ குலுக்கலிலும் ஈயம் விட்டுப்போகும் இடம் அது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும்.

பழக்கமில்லையென்றால் நீங்கள் கை வைக்காதீர்கள். டியூபில் 20,000 வோல்ட் அளவுக்கு ஏறும், நிறுத்திய பிறகும் தங்கும். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டிவிகளைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் தர்மபுரிப் பக்கம் கிடைத்தால் அவரே போதும். ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: பல கேம் மானிட்டர்களுக்கு, மெயின்ஸோடு நேரடித் தொடர்பில்லாமல் கரண்ட் கொடுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் பெட்டிக்குள் தனியாக இருக்கும். அதை விட்டுவிட்டு மானிட்டரை நேராக மெயின்ஸில் சொருகக் கூடாது.