தலைவரின் அரசியலும் நம் வீட்டு மின்சாரக் காரும்

கேள்வி: டீசல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்க இருக்கிறோம். விலை, ஒரு சார்ஜில் ஓடும் தூரம், சார்ஜர் வசதி என எதை ஒப்பிட்டாலும் டெஸ்லா மாடல் ஒய்தான் முன்னால் நிற்கிறது. ஆனால் கல்லூரியில் படிக்கும் மகளோ, "எலான் மஸ்க்குக்குப் பணம் போகும் காரில் நான் ஏற மாட்டேன்" என்கிறாள். நிறுவனத் தலைவரின் அரசியலைப் பார்த்தா கார் வாங்குவது? – வாசகர் ஒருவர், ஆஸ்லோ, நார்வே

பதில்: உங்கள் மகளைப் போல நினைப்பவர்கள் ஐரோப்பாவில் ஏராளம். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்ப்பின் வெற்றிக்காக மஸ்க் 25 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டார். அதன் சூடு ஆறுவதற்குள் ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியை வெளிப்படையாக ஆதரித்தார். 2025 பிப்ரவரியில் ஜெர்மனியில் பதிவான புதிய டெஸ்லா கார்களின் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ முக்கால் பங்கு சரிந்தது. பழைய மாடல் ஒய் விடைபெற்றுப் புதியது வரவிருந்த நேரம் அது என்பதால், சரிவு முழுவதையும் அரசியலின் கணக்கில் எழுதிவிடுவது நியாயமாகாது. நீங்கள் வாழும் நார்வேயிலோ அதே 2025இல் விற்பனையில் முதலிடம் பிடித்த நிறுவனம் டெஸ்லாதான். ஒரே தலைவர், ஒரே கார். இரு நாட்டு மக்களும் எடுத்த முடிவு வேறு.

எண்ணெய் வருவாயை முதலீடு செய்யும் உங்கள் நாட்டு அரசு நிதியம் இதில் நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. டெஸ்லாவின் பெரிய பங்குதாரர்களில் ஒன்றான அந்த நிதியம், மஸ்க்குக்கு 1 லட்சம் கோடி டாலர் வரை கிடைக்க வழிசெய்யும் ஊதியத் திட்டத்துக்கு 2025 நவம்பரில் எதிராக வாக்களித்தது. ஒரே மனிதரை நம்பி நிறுவனம் நிற்பதால் வரும் ஆபத்தையும் அது தன் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. திட்டம் முக்கால் பங்கு வாக்குகளுக்கு மேல் பெற்று நிறைவேறியது; நிதியமோ தன் பங்குகளை உதறிவிட்டு வெளியேறவில்லை. முதலீட்டாளருக்கு எதிர்த்து வாக்களிக்கும் உரிமை உண்டு. கார் வாங்குபவருக்கு வாங்குவது அல்லது விலகுவது என்ற இரண்டே வழிகள்தான் இருக்கின்றன. எனவே உங்கள் மகள் சொல்வதை வெறும் உணர்ச்சிவசம் என்று நான் ஒதுக்க மாட்டேன்.

ஆயினும் தலைவர் பேசுவதையும், அவர் எடுக்கும் முடிவுகள் காருக்குள் வந்து உட்காருவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2023இல் புதுப்பிக்கப்பட்ட மாடல் 3 காரில் இண்டிகேட்டர் லீவரை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கிலேயே இரு பொத்தான்களை வைத்தார்கள். ரவுண்டானாவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி வெளியேறும்போது பொத்தானும் கூடவே சுற்றிவிடுவதால், எது இடது, எது வலது என்று விரல் தேடும். எதையும் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்ற தலைமையின் பிடிவாதம் ஓட்டுநரின் கைக்கு வந்து சேர்ந்த கதை இது. 2025இல் வந்த புதிய மாடல் ஒய்யில் லீவர் தப்பித்துக்கொண்டது என்பது உங்களுக்கு நல்ல செய்தி. அதேபோல், தானாக ஓடுவதற்குத் தேவையான வன்பொருள் இனி எல்லாக் கார்களிலும் இருக்கும் என்று 2016இல் அறிவித்தவர்கள், அந்த வசதிக்குப் பணம் கட்டிய பழைய கார் உரிமையாளர்களுக்குக் கணினியையே மாற்றித் தர வேண்டியிருக்கும் என்று 2025 ஜனவரியில் ஒப்புக்கொண்டார்கள். 2023 ஜனவரியில் ஒரே அறிவிப்பில் விலையை 20 சதவீதம் வரை குறைத்தபோது, அதற்கு முந்தைய மாதம் வாங்கியவர்களின் கார் மதிப்பும் கூடவே இறங்கியது. மஸ்க் எந்தக் கட்சிக்கு வாக்களித்தாலும் இவையெல்லாம் வாங்குபவரைப் பாதிக்கும்.

என்னைக் கேட்டால், மஸ்க்கின் சமூக ஊடகப் பதிவுகளைவிடப் பக்கத்து நாடான சுவீடனில் நடப்பதற்கே அதிக எடை கொடுப்பேன். ஊதியம், வேலை நிலைமைகள் குறித்துத் தொழிற்சங்கத்துடன் கூட்டு ஒப்பந்தம் செய்ய டெஸ்லா மறுத்ததால், 2023 அக்டோபர் 27 அன்று அங்கு மெக்கானிக்குகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுவீடனுக்குப் போகும் டெஸ்லா கார்களை இறக்க மாட்டோம் என்று நார்வே தொழிற்சங்கமும் அவர்களுக்குத் துணை நின்றது. ஒரு மனிதரின் வாய்ச்சொல்லைப் போலன்றி, இது நிறுவனமே எடுத்த நிலைப்பாடு. மகளோடு பேசும்போது இதையும் பேசுங்கள். அதன் பிறகும் அவள் ஏற மாட்டேன் என்றால், குடும்பமே ஏறாத காருக்கு ஏன் கடன் கட்ட வேண்டும்?

கேள்வி: 2021இல் வாங்கிய டெஸ்லா என்னிடம் இருக்கிறது. இப்போது அதில் போகவே கூச்சமாக இருக்கிறது. விற்றுவிடலாமா? – வாசகி ஒருவர், டொராண்டோ

பதில்: கார் நன்றாக ஓடுகிறது என்றால் வேண்டாம். நீங்கள் கொடுத்த பணம் என்றைக்கோ நிறுவனத்துக்குப் போய்விட்டது; இப்போது அவசரப்பட்டு விற்றால் நஷ்டம் உங்களுக்கும், லாபம் அதை மலிவாக வாங்குபவருக்கும்தான். இனி உங்களிடமிருந்து நிறுவனத்துக்குப் போகக்கூடிய பணம், அதன் சார்ஜர்களில் ஏற்றும் மின்சாரம், மாதச் சந்தா, பழுதுபார்ப்பு ஆகியவற்றில் இருக்கிறது. அவற்றில் முடிந்ததை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மஸ்க்குக்குப் புத்தி பேதலிப்பதற்கு முன்பே வாங்கிய கார் இது என்று சொல்லும் ஸ்டிக்கர்களும் கிடைக்கின்றன. ஒட்டிக்கொள்வது உங்கள் விருப்பம்.

கேள்வி: சர்ச்சையில் சிக்காத தலைவர் உள்ள நிறுவனமே நல்லது என்று சீன நிறுவனமான பிஒய்டியின் மின்சாரக் கார் வாங்க நினைக்கிறேன். சரிதானே? – வாசகர் ஒருவர், சிங்கப்பூர்

பதில்: தலைவர் வாய் திறக்காததை மட்டும் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிஒய்டியின் நிறுவனர் வாங் சுவான்ஃபூ மஸ்க்கைப் போலப் பேசுபவர் அல்லர் என்பது உண்மை. ஆனால் பிரேசிலின் பஹியா மாநிலத்தில் அந்த நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டுவந்த தொழிற்சாலையில், ஒப்பந்ததாரர் கொண்டுவந்த 163 சீனத் தொழிலாளர்கள் அடிமைகளுக்கு ஒப்பான நிலையில் இருந்ததாகச் சொல்லி, 2024 டிசம்பரில் அந்நாட்டு அதிகாரிகள் அவர்களை மீட்டார்கள். பலரின் பாஸ்போர்ட்டுகள் பிடித்துவைக்கப்பட்டிருந்தன. பிஒய்டி அந்த ஒப்பந்ததாரரை விலக்கியது.

மறுபுறம், அதன் பேட்டரிகளில் பெரும்பாலானவை இரும்பு பாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை என்பதால், காங்கோவின் சுரங்கங்களில் குழந்தைகளும் தோண்டி எடுக்கும் கோபால்ட் அவற்றுக்குத் தேவையில்லை. ஒரே நிறுவனத்திடம் இரண்டும் இருக்கின்றன. 2015இல் 1.1 கோடி டீசல் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வைத்து மாட்டிக்கொண்ட ஃபோக்ஸ்வாகன்தான், பிறகு மின்சாரக் கார்களில் பெரும்பணத்தைக் கொட்டியது. உங்களுக்கு எது முக்கியம் என்று முதலில் முடிவுசெய்துகொண்டு, எல்லா நிறுவனங்களையும் அதே தராசில் நிறுத்துப் பாருங்கள். 2027 பிப்ரவரி முதல் ஐரோப்பாவில் விற்கும் மின்சாரக் கார்களின் பேட்டரிக்கு, அது எங்கே, எதனால் செய்யப்பட்டது என்பது போன்ற விவரங்களைக் காட்டும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயமாகிறது. அதன்பின் இந்த ஒப்பீடு கொஞ்சம் எளிதாகும்.

கேள்வி: அப்படியானால் சுற்றுச்சூழலையே கொள்கையாகக் கொண்ட புதிய சிறு நிறுவனங்கள் மேலல்லவா? – வாசகி ஒருவர், லண்டன்

பதில்: அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனமான ஃபிஸ்கரின் ஓஷன் காரை அப்படி நம்பித்தான் பலர் வாங்கினார்கள். மறுசுழற்சிப் பொருள்களால் ஆன உட்புறம், விலை கூடிய வகையில் சூரியத் தகடு பதித்த கூரை என்று பார்க்கவும் கேட்கவும் இனித்தது. 2024 ஜூனில் நிறுவனம் திவாலானதும், உதிரிப்பாகத்துக்கும் மென்பொருளுக்கும் வழி தேடி உரிமையாளர்கள் தாங்களே சங்கம் அமைக்க வேண்டியதாயிற்று. புதிய நிறுவனத்தின் காரை விரும்பினால், நிறுவனம் மூடப்பட்டால் மென்பொருளை யார் புதுப்பிப்பார்கள், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளரிடம் எழுத்தில் பதில் வாங்கிவிட்டு முன்பணம் கட்டுங்கள்.