வரைபடத்தின் அளவைப் பார்த்து கேம் வாங்காதீர்கள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பரந்த உலகில் இஷ்டப்படி சுற்றி ஆடும் ஓப்பன் வேர்ல்ட் ஃபேண்டஸி கேம்களைப் பற்றியவை. அவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

இன்ஸ்டாகிராமில் எல்டன் ரிங் கேம் 300 ரூபாய் என்று பார்த்துப் பணம் அனுப்பினேன். ஒரு லாகின் தந்தார்கள். தொடக்கப் பகுதியான லிம்கிரேவைத் தாண்டுவதற்குள் பாஸ்வேர்டு மாறிவிட்டது. கேட்டால் பிளாக் செய்துவிட்டார்கள். பணம் வருமா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

உங்களுக்கு அவர்கள் விற்றது கேம் இல்லை, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் யாரோ ஒருவருடைய கணக்கு. அதே லாகினை உங்களுக்கு மட்டும்தான் விற்றார்கள் என்று நினைக்காதீர்கள். கணக்கை விற்பதை ஸ்டீம் விதிகளே அனுமதிப்பதில்லை, எனவே அங்கே முறையிட்டுப் பயனில்லை. பணம் போன விவரம், சாட், அந்தப் பக்கத்தின் பெயர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பணம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் 300 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். எல்லோரும் அப்படி விடுவார்கள் என்ற தைரியத்தில்தான் இவர்கள் படிக்கிற பிள்ளைகளிடம் கைவைக்கிறார்கள்.

இன்னொன்று: ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏதாவது ஃபைலை ஓட்டச் சொன்னார்களா? சொல்லியிருந்தால், மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை இன்றே வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.

எல்டன் ரிங் என்னிடம் இல்லை. ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ மட்டும் தள்ளுபடியில் இருக்கிறது. வாங்கலாமா?

கூடாது. அது கூடுதல் பகுதி மட்டுமே. மூல கேமும் வேண்டும், அதில் ராடான், மோக் என்ற பெரும் எதிரிகள் இருவரையும் வீழ்த்தியிருக்கவும் வேண்டும்.

பிஎஸ்5 கேம் மெஷினின் டிஜிட்டல் எடிஷன் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட் விலைக்குக் கிடைக்கிறதே என்று விட்சர் 3 கேம் டிஸ்க்கும் வாங்கிவிட்டேன். டிஸ்க்கை எங்கே போடுவது?

எங்கேயும் போட முடியாது. அதில் டிஸ்க் டிரைவே கிடையாது. பெட்டியின் பெயரிலேயே டிஜிட்டல் என்று இருக்கிறது, படத்திலும் தெரிகிறது. 2023-ல் வந்த மெலிந்த மாடல் என்றால் தனியாக டிரைவ் வாங்கிப் பொருத்தலாம். அதற்கு முந்தையது என்றால் டிஸ்க்கை விற்றுவிடுங்கள். இத்தனை ஆயிரம் ரூபாய் கொடுக்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தை ஐந்து நிமிடம் படிக்க மாட்டீர்களா?

கொடுக்கிற காசுக்கு மிகப் பெரிய மேப் உள்ள கேம் எது? நூறு மணி நேரமாவது ஓட வேண்டும்.
— வாசகர், கோவை

அளவுதான் வேண்டுமென்றால் காசே தேவையில்லை. 1996-ல் வந்த டாகர்ஃபால் ஸ்டீமில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரிட்டன் அளவு நிலப்பரப்பு என்று சொல்லி விற்ற கேம் அது. ஊர்கள், நிலவறைகள் எல்லாம் சேர்த்து 15,000-க்கு மேல். அதே தொடரில் 2011-ல் வந்த ஸ்கைரிமை அதன் மூலையில் எங்காவது வைத்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் டாகர்ஃபாலில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு யாரும் நடந்து போவதில்லை. நிலத்தின் பெரும்பகுதியைக் கணினியே விதிகளின்படி நிரப்பியது, வழியில் பார்க்க எதுவும் இல்லை. ஸ்கைரிமில் ஒரு குகையைத் தேடிக் கிளம்பினால் வழியில் மூன்று விஷயங்கள் குறுக்கிடும்.

இது எனக்கு நெடுநாள் ஆத்திரம். மேப் இவ்வளவு சதுர கிலோமீட்டர், கதை இவ்வளவு மணி நேரம் என்று விளம்பரம் செய்வது வாங்குபவரை ஏமாற்றுவது. அப்படி அட்டையில் பெரிதாகப் போட்டிருந்த ஒரு கேமை நானும் முழு விலைக்கு வாங்கினேன். கோபுரத்தில் ஏறினால் மேப் முழுக்கக் குறிகள் முளைக்கும், ஒவ்வொரு குறியிலும் அதே முகாம், அதே பெட்டி. ஒரு பட்டியலை அடித்து முடிப்பதற்குத்தான் காசு கொடுத்திருந்தேன்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: குறியே இல்லாமல் என்னை இது நடக்க வைக்குமா? செல்டா தொடரின் பிரெத் ஆஃப் தி வைல்டில் (2017) மலைகளையும் மேடுகளையும் முக்கோண வடிவில் அமைத்ததை அதன் வடிவமைப்பாளர்களே ஜப்பானில் ஒரு கருத்தரங்கில் விளக்கினார்கள். முக்கோணம் பின்னால் இருப்பதைப் பாதி மறைக்கும். ஏறுவதா, சுற்றிப் போவதா என்று நீங்களே முடிவெடுக்கிறீர்கள், மறுபக்கம் வந்ததும் புதிதாக ஒன்று தெரிகிறது. எல்டன் ரிங்கில் மேப்பே துண்டு துண்டாகத் தேடி எடுக்க வேண்டியது. ஏரிக்கரை இடிபாட்டில் ஒரு பெட்டியைத் திறந்தால், தொலைவில் கேலிட் பகுதியின் சுரங்கத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். வெளியே வந்தால் சிவந்த வானம். தொடக்க நிலையில் இருக்கும் ஆளுக்கு அங்கே பிழைப்பதே பாடு, ஆனால் ஆடியவர்கள் அந்த இடத்தை மறக்க மாட்டார்கள். எந்தச் சதுர கிலோமீட்டர் கணக்கிலும் அது வராது. வாங்கும் முன் டிரெய்லரை விட்டுவிட்டு, யாராவது பேச்சில்லாமல் ஆடும் வீடியோவை அரை மணி நேரம் பாருங்கள்.

ஸ்டீமில் விட்சர் 3 வாங்கி ஐந்து மணி நேரம் ஆடினேன். பிடிக்கவில்லை. ரீஃபண்ட்?

கேட்டுப் பார்க்கலாம், ஆனால் நம்பியிருக்காதீர்கள். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் என்பதுதான் விதி. கேம் திறந்திருக்கும் நேரம் முழுக்கக் கணக்கு, நீங்கள் செட்டிங்ஸில் உட்கார்ந்திருந்தாலும் ஓடும். அடுத்த முறை முதல் இரண்டு மணி நேரத்தில் உங்கள் கணினியில் சீராக ஓடுகிறதா, நடப்பதும் சண்டையும் கைக்குப் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கதை அதற்குள் தெரியாது. ஜிஓஜி தளத்தில் வாங்கினால் 30 நாள் அவகாசம் உண்டு.

என் 12 வயது மகன் இலவசம் என்று கென்ஷின் இம்பாக்ட் ஆடினான். போன வாரம் பார்த்தால் என் கார்டில் 14,000 ரூபாய் போயிருக்கிறது. அவனை அடித்துவிட்டேன். என்ன செய்வது?
— ஒரு தாய், சேலம்

அவனை அடிக்காதீர்கள் அம்மா. பெரியவர்களையே விழ வைக்கும் ஏற்பாடு அது. சுற்றிப் பார்க்கும் உலகம் இலவசம்தான், அழகும்கூட. காசு போவது பாத்திரங்களைப் பெறும் குலுக்கலில். அரிய ஐந்து நட்சத்திரப் பாத்திரம் வர ஒரு குலுக்கலுக்கு 0.6 சதவீத வாய்ப்பு. 90 குலுக்கலுக்குள் ஒன்று உறுதி, ஆனால் விளம்பரத்தில் காட்டிய அதே பாத்திரம் உறுதியாக வர 180 வரைகூடப் போகலாம். நடுவில் இரண்டு மூன்று வகை நாணயங்கள் இருப்பதால் எத்தனை ரூபாய் போகிறது என்று குழந்தைக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் எஃப்டிசி இதே முறை குறித்து நடவடிக்கை எடுத்தது. நிறுவனம் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

கூகுள் பிளேயில் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் கேட்டால் எளிது. உங்களுக்கு அது தாண்டிவிட்டாலும், சிறுவன் அனுமதியில்லாமல் வாங்கியது என்று எழுதிக் கேளுங்கள், கேம் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கார்டை அந்த போனிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள்.

ப்ரீ ஆர்டர் செய்தால் குதிரைக்குக் கவசம் தருகிறார்களாம்.

வேண்டாம். கேம் வந்து, வாங்கியவர்கள் பேசட்டும்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷினுக்கு ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்ட்ரிட்ஜ் மலிவாகக் கிடைக்கிறது. இங்கே ஓடுமா?

ஓடும், ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ்களுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. ஆங்கிலம் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். கடையிலேயே மெஷினில் போட்டு, கேம் திறப்பதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். செல்டா லேபிள் ஒட்டி வேறு ஏதோ கேமை என்னிடம் விற்ற ஒரு கடைக்காரர், பில் இல்லை என்பதைக் காட்டியே திருப்பி வாங்க மறுத்தார். பில் கேளுங்கள். தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.