ஆல்டிஹைடு (முனையில் C=O தொகுதி உள்ள சேர்மம்), டையீனுடன் (அடுத்தடுத்து ஒன்றுவிட்டு இரண்டு C=C இரட்டைப் பிணைப்புகள் கொண்ட சேர்மம்) வெப்பத்திலேயே ஆறணு வளையம் தருகிறது. ஒரே ஒரு C=C கொண்ட ஆல்க்கீனுடன் நான்கணு வளையம் தர மட்டும் ஒளி ஏன் தேவைப்படுகிறது?

பாடநூல்கள் இதற்குத் தரும் விடை ஒரே வரியில் முடிந்துவிடும்: ஆறு எலக்ட்ரான்கள் (டையீனிலிருந்து நான்கு, C=O-விலிருந்து இரண்டு) பங்கேற்கும் [4+2] வினைக்கு வெப்பம் போதும், நான்கு (இரண்டும் இரண்டும்) பங்கேற்கும் [2+2] வினைக்கு ஒளி வேண்டும். 1965-இல் வேதியியலாளர்கள் உட்வர்டும் ஹாஃப்மனும் முன்வைத்த ஆர்பிட்டால் (எலக்ட்ரான் பரவியுள்ள அலை வடிவம்) சமச்சீர் விதியிலிருந்து வருவது இது. வெப்பப் பாதை ஏன் அடைபட்டிருக்கிறது என்பதை அவ்விதி சரியாகவே விளக்குகிறது. ஒளிப்பாதையில் உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதை அது சொல்வதில்லை.

முதலில் வெப்பப் பாதை. ஆல்க்கீனின் நிரம்பிய பை (இரட்டைப் பிணைப்பின்) ஆர்பிட்டால் கார்பனைலின் (C=O தொகுதியின்) வெற்று ஆர்பிட்டாலை நேருக்கு நேர் நெருங்கும்போது, ஒரு முனையில் அலைக் குறிகள் (+, −) ஒத்துப்போனால் மறுமுனையில் முரண்படுகின்றன. ஆகவே இரு பிணைப்புகளும் ஒருசேர உருவாக வழியில்லை. டையீனின் உச்ச நிரம்பிய ஆர்பிட்டாலிலோ, கார்பனைலின் வெற்று ஆர்பிட்டாலில் போலவே, இரு முனைகளின் குறிகளும் எதிரெதிரானவை என்பதால் அந்த முரண்பாடு எழுவதில்லை. அனுமதி இருந்தாலும் சாதாரண ஆல்டிஹைடு மந்தமாகவே வினைபுரியும். அதனால்தான் 1974-இல் டானிஷெஃப்ஸ்கியும் கிடஹாராவும் அறிமுகப்படுத்திய, மெத்தாக்சி, சிலிலாக்சி தொகுதிகளைத் தாங்கிய எலக்ட்ரான் செறிந்த டையீன் இங்கே பெரிதும் பயன்படுகிறது. துத்தநாகக் குளோரைடு போன்ற லூயி அமிலத்தின் (எலக்ட்ரான் இணையை ஏற்கும் பொருளின்) துணையுடன் அது பென்சால்டிஹைடோடு சேர்ந்து, பின்னர் அமிலம் பட்டதும் டைஹைட்ரோபைரனோன் என்ற ஆறணு வளையத்தைத் தருகிறது. (லூயி அமிலத்தைப் பொறுத்து, இதுவும் முதலில் ஒரே ஒரு கார்பன்-கார்பன் பிணைப்பு உருவாகும் ஆல்டால் சேர்க்கையாகத் தொடங்கிப் பின்பு வளையமாக மூடும் படிநிலை வினையாக அமைவதுண்டு.)

இனி ஒளிப்பாதை. பட்டர்னோ 1909-இல் சூரிய ஒளியில் கண்டறிந்து, பியூக்கி 1954-இல் விளைபொருளின் அமைப்பை உறுதிசெய்த, கார்பனைலும் ஆல்க்கீனும் சேரும் இந்த ஒளிவினை இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. இங்கே ஒளியை உறிஞ்சுவது பெரும்பாலும் ஆல்க்கீன் அன்று, கார்பனைல்தான். ஆக்சிஜனின் தனித்த இணையிலிருந்து ஓர் எலக்ட்ரான் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குத் தாவுவதால், அந்த ஆக்சிஜன் ஏறக்குறைய ஓர் ஆல்காக்சி தனி உறுப்பை (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட ஆக்சிஜனை உடைய துகளை) போல நடந்துகொள்கிறது. பென்சோஃபீனோன் என்ற கீட்டோனில் (அதிலும் கார்பனைல் உண்டு) கிளர்வுற்ற மூலக்கூறு மிக விரைவாக மும்மை நிலைக்கு, அதாவது இணையற்ற இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் ஒத்திருக்கும் நிலைக்கு, மாறிவிடுகிறது. அந்நிலையில் ஆக்சிஜன் ஆல்க்கீனைத் தாக்க, ஒற்றைப் பிணைப்பு மட்டுமே முதலில் உருவாகி, இணையற்ற இரு எலக்ட்ரான்கள் கொண்ட ஈருறுப்பு ஒன்று பிறக்கிறது. எலக்ட்ரானின் தற்சுழற்சி திரும்பிய பிறகே வளையம் மூடுகிறது. ஐசோபியூட்டிலீன் என்ற ஆல்க்கீனில் ஆக்சிஜன் முனைக் கார்பனைத் தேர்ந்தெடுப்பதற்கும் இதுவே காரணம்: அப்போது மறு கார்பனில் எஞ்சும், மூன்று கார்பன்களோடு இணைந்த மூன்றிணைய தனி உறுப்பு அதிக நிலைப்புள்ளது. எனவே 3,3-டைமெத்தில்-2,2-டைஃபீனைல் ஆக்சிட்டேனே (ஆக்சிட்டேன் என்பது ஆக்சிஜன் உள்ள நான்கணு வளையம்) முதன்மை விளைபொருளாகிறது. ஒருசேர நிகழும் வினை என்று மட்டும் கருதினால் இந்தத் தேர்வை இவ்வளவு எளிதாக விளக்க முடியாது.

கேள்வியில் உள்ள 'நான்கணு வளையத்துக்கு ஒளி' என்பதும் முழு விதி அன்று. C=C=O அமைப்புள்ள கீட்டீனின் மையக் கார்பனில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு பை அமைப்புகள் கூடுவதால் வெப்பப் பாதையின் அந்தத் தடை அதற்குப் பொருந்துவதில்லை. லூயி அமிலத்தின் முன்னிலையில் அது ஆல்டிஹைடுகளோடு சேர்ந்து பீட்டா லாக்டோன் என்ற நான்கணு வளையத்தைத் தருகிறது; தன்னோடு தானே சேர்ந்து உருவாக்கும் டைகீட்டீனும் ஆக்சிஜன் உள்ள நான்கணு வளையமே, அதற்கு ஒளி எதுவும் தேவைப்படுவதில்லை.