நான்கு அங்குலம் வாங்கலாமா? பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் லிஃப்ட் கிட்டும்: வெவ்வேறு வாசகர்களின் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் 25 ஆண்டுகளைக் கடந்த ஃபோர் வீல் டிரைவ் பிக்-அப் டிரக் இருக்கிறது. முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டைகள்தான். கரடுமுரடான பாதையில் அடிப்பகுதி தட்டுகிறது. கடையில், வண்டியை உயர்த்தும் உதிரிபாகத் தொகுப்பான லிஃப்ட் கிட்டில் 2 அங்குலம், 4 அங்குலம் இரண்டையும் காட்டுகிறார்கள்; விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. அதிக உயரம் தருவதை வாங்குவதுதானே லாபம்?

பதில்: லாபம் இல்லை. ஏன் என்பதை, கிட்டின் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து நீங்களே தெரிந்துகொள்ளலாம். ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, உரசிய தழும்புகள் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் பருத்து நிற்கும் பற்சக்கரப் பெட்டி) உருண்டையின் கீழ்ப்புறத்திலோ, பட்டையை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ-போல்ட்டுகளின் நட்டு முனைகளிலோ கீறல்கள் பளிச்சென்று தெரிந்தால், எத்தனை அங்குல லிஃப்ட் போட்டாலும் அந்த இடம் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. ஏனெனில் சஸ்பென்ஷன் லிஃப்ட் உயர்த்துவது ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் சேசிஸையும் (வண்டியின் இரும்புச் சட்டகம்) பாடியையும்தான். ஆக்ஸிலை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி அளவுக்குத்தான். 31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் மாட்டினால் டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது 1 அங்குலம். மாறாக, தழும்புகள், சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்திலோ, எரிபொருள் தொட்டியிலோ, பம்பரின் கீழ் விளிம்பிலோ இருந்தால் லிஃப்ட் உங்களுக்குப் பயன்படும்.

அடுத்தபடியாக, வண்டி இப்போது எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை அளந்துகொள்ளுங்கள். சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் சரியான காற்று வைத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு வளைவின் கீழ் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதுங்கள். பட்டைகள் ஆண்டுக்கணக்கில் சுமை தாங்கித் தட்டையாகிப் போயிருக்கும். ஓட்டுநர் பக்கம் மற்றப் பக்கத்தைவிடத் தாழ்ந்திருப்பதும் அபூர்வமல்ல. கிட்டில் '2 அங்குலம்' என்று அச்சிட்டிருப்பது பொதுவாக ஆலையிலிருந்து வந்தபோது இருந்த உயரத்துக்கு மேல் 2 அங்குலம் என்று பொருள்படுமே தவிர, இன்று தொய்ந்து நிற்கும் உயரத்துக்கு மேல் அல்ல. உங்கள் பட்டை ஏற்கெனவே 1 அங்குலம் தொய்ந்திருந்தால் 2 அங்குல கிட்டே கண்ணுக்கு 3 அங்குலமாகத் தெரியும். அந்த மாடலுக்குரிய மூல அளவோடு உங்கள் அளவை ஒப்பிட்டுப் பார்த்தபின், புதிய சாதாரணப் பட்டைகளும் நல்ல ஷாக் அப்சார்பர்களும் மாட்டினாலே போதும் என்ற முடிவுக்கு நீங்கள் வந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

4 அங்குல கிட்டின் விலைச்சீட்டு முழுச் செலவைக் காட்டுவதில்லை என்பதையும் கவனியுங்கள். அந்த உயரத்தில் பிரேக் ஹோஸ்கள் நீளம் போதாமல் இழுபடும். ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி, அதன் சறுக்கு மூட்டு வெளியே நீண்டுவிடும். ஸ்டியரிங் இணைப்புத் தண்டு சரிவாகி, பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாக இழுக்கும். இவை ஒவ்வொன்றையும் சரிசெய்யத் தனித்தனி உதிரிபாகங்கள் வாங்க வேண்டியிருக்கும், சில கிட்டுகளில் அவை சேர்ந்தே வரும், பலவற்றில் வராது. 2 அங்குலம், அதாவது ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் வரை, பெரும்பாலான பழைய வண்டிகள் பட்டை, ஷாக் அப்சார்பர், யூ-போல்ட், புஷ் (பட்டை முனைகளில் உள்ள ரப்பர் வளையம்) ஆகியவற்றோடு சமாளித்துவிடும். அன்றாடம் சாலையில் ஓடும் வண்டிக்கு அதற்கு மேல் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. உயரம் கூடக்கூட ஈர்ப்பு மையமும் மேலே போகிறது. திடீரென வளைத்துத் திருப்பும்போது கவிழும் அபாயம் அதற்கேற்பக் கூடுகிறது.

கேள்வி: முழுப் பட்டைத் தொகுப்பையும் மாற்றாமல், இடையில் கட்டை வைத்தோ நீளமான ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) மாட்டியோ உயர்த்தலாம், பத்தில் ஒரு பங்கு செலவுதான் ஆகும் என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். நம்பலாமா?

பதில்: செலவு குறைவு என்பது உண்மை, ஆனால் எந்த ஆக்ஸிலில் செய்யப் போகிறார் என்பதைக் கேளுங்கள். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் இடையில் உலோகக் கட்டை வைக்கும் முறையைப் பின் ஆக்ஸிலில் சிறிய அளவில் ஏற்கலாம். பல வண்டிகள் ஆலையிலிருந்தே அப்படித்தான் வருகின்றன. முன் ஆக்ஸிலில் கட்டை வைப்பதாக ஒருவர் சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியேறிவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போதும் திருப்பும்போதும் முன் ஆக்ஸிலில் வரும் விசையில் கட்டை நழுவினால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. பின்னாலும்கூட, கட்டை உயரமாக உயரமாக, ஆக்ஸிலைத் திருப்ப முயலும் விசைக்கு நெம்புகோல் நீளம் கூடி, பட்டை வளைந்து நெளிந்து முறுக்கிக்கொள்ளும். கட்டையின் மேல் கட்டையை அடுக்குவது எந்த நிலையிலும் கூடாது.

ஷேக்கிளைப் பொறுத்தவரை, 2 அங்குலம் நீளமானது மாட்டினால் வண்டி உயர்வது ஏறத்தாழ 1 அங்குலம்தான், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டுமே நகர்கிறது. அதோடு பட்டை முழுவதும் சற்றுச் சாய்வதால் ஆக்ஸிலும் சாய்கிறது. முன் ஆக்ஸிலில் ஷேக்கிள் பட்டையின் முன் முனையில் அமைந்த வண்டிகளில் இதனால் கேஸ்டர் கோணம் (ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்து, நேர்ச் சாலையில் ஸ்டியரிங் நிலைகொள்ளாமல் அலையும். பழைய பட்டைத் தொகுப்பில் கூடுதலாக ஒரு பட்டையைச் செருகும் முறை இவற்றைவிட மேல் என்றாலும், சோர்ந்துபோன பட்டைகளின் நடுவே விறைப்பான ஒரு புதுப்பட்டை பெரும்பங்குச் சுமையைத் தாங்குவதால் பயணம் கடினமாகிவிடும். செலவழிப்பதென்று முடிவுசெய்த பின் முழுப் பட்டைத் தொகுப்பையும் மாற்றுவதே மிச்சம்.

முழுத் தொகுப்பு வாங்கும்போது வண்டியின் எடையைச் சொல்லி வாங்குங்கள். ஒரே உயரத்துக்கு வெவ்வேறு சுமைத் திறனில் ஸ்பிரிங்குகள் விற்கப்படுகின்றன. முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை) இருந்தால் அதற்குரியதையும், எதுவும் இல்லையென்றால் இலகுவானதையும் எடுக்க வேண்டும். 'எதிர்காலத்தில் வின்ச் மாட்டுவேன்' என்று நினைத்து இன்றே கடினமான ஸ்பிரிங்கை வாங்குபவர், அந்த வின்ச் வரும்வரை முதுகால் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: என் வண்டியில் முன்பக்கம் டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டு) சஸ்பென்ஷன். சரிசெய்யும் போல்ட்டைத் திருகினாலே வண்டி உயரும், எந்தப் பொருளும் வாங்க வேண்டாம் என்று மெக்கானிக் சொல்கிறார்.

பதில்: உயரும், பொருளும் வாங்க வேண்டியதில்லை. சக்கரம் கீழே இறங்கும் பயணத்தைத்தான் அந்த உயரத்துக்கு விலையாகக் கொடுக்கிறீர்கள். போல்ட்டைத் திருகுவதால் பார் வலுப்பெறுவதில்லை. சக்கரம் நிற்கும் இடம் மட்டும் அதன் மொத்தப் பயணத்தின் கீழ் எல்லைக்கு நெருங்குகிறது. எல்லை மீறித் திருகிய வண்டியில், சிறு மேட்டைத் தாண்டி இறங்கும்போதெல்லாம் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம் தன் ரப்பர் நிறுத்தியில் 'டக்' என்று மோதும். ஆக்ஸில் தண்டின் மூட்டுகள் எப்போதும் கூர்கோணத்தில் சுழல்வதால் அவற்றின் ரப்பர் உறைகள் சீக்கிரம் கிழியும். பால் ஜாயின்ட்டுகளும் தேயும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சமதளத்தில் நிறுத்தி, சேசிஸின் முன்பகுதியில் ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்குங்கள். மட்கார்டு எத்தனை உயர்ந்த பின் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்புகிறது என்று அளந்தால், இறங்கும் பயணம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தூக்கத் தொடங்கிய உடனேயே சக்கரம் கிளம்பினால் அளவுக்கு மீறித் திருகியிருக்கிறார்கள். தொய்ந்த வண்டியை மூல உயரத்துக்குக் கொண்டுவரவும், அதற்கு மேல் சுமார் 1 அங்குலம் வரை ஏற்றவும் போல்ட்டைப் பயன்படுத்தலாம். எவ்வளவு குறைவாகத் திருகினாலும் வீல் அலைன்மென்ட் செய்தாக வேண்டும். அந்தச் செலவை மெக்கானிக் சொல்ல மறந்திருக்கிறார்.

கேள்வி: பாடி லிஃப்ட் இன்னும் மலிவாக இருக்கிறதே?

பதில்: அது வேறு பொருள். சேசிஸுக்கும் பாடிக்கும் இடையில் துண்டுகள் வைத்து பாடியை மட்டும் தூக்குவதால் பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். சேசிஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எதுவும் உயராது. பழைய வண்டியில் பாடியைத் தாங்கும் இடங்கள் துருப்பிடித்திருந்தால் அங்கே கை வைக்காதீர்கள்.

கேள்வி: 3 அங்குல கிட் பொருத்திய நாள் முதல், வேகம் கூடியதும் வண்டியின் தரையில் நடுக்கம் வருகிறது. பிரேக்கும் முன்போல் பிடிப்பதில்லை. கேட்டால் 'லிஃப்ட் செய்த வண்டி அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள். பணம் முழுவதையும் கொடுத்துவிட்டேன்.

பதில்: அப்படித்தான் இருக்கும் என்பது விளக்கமே அல்ல. பிரேக்கில் இருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது சரியாகும்வரை நீங்கள் வண்டியை எடுக்கக் கூடாது. பல பழைய பிக்-அப் டிரக்குகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு தண்டோடு இணைந்த சுமை உணரும் பிரேக் வால்வு இருக்கும். சுமை ஏறி சேசிஸ் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவதும், காலியாக உயர்ந்து நின்றால் குறைப்பதும் அதன் வேலை. லிஃப்ட் பொருத்தியதும் சேசிஸ் ஆக்ஸிலைவிட்டு விலகிப் போவதால், வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு எடுத்துக்கொண்டு, சுமை ஏற்றினாலும் பின் பிரேக்கை அடக்கியே வைக்கிறது. தண்டின் தாங்கியை உயர்ந்த அளவுக்கு ஏற்ப இடம் மாற்றினால் தீரும் பிரச்சினை இது. ஹோஸ் எங்காவது இழுபட்டிருக்கிறதா, வேலையின்போது காற்றுப் புகுந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

நடுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் புரொப்பெல்லர் ஷாஃப்ட். இரு முனைகளிலும் ஒற்றைக் கிராஸ் (வளைந்து சுழல விடும் சிலுவை வடிவ மூட்டு) உள்ள ஷாஃப்டில், டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீட்டுத் தண்டும் டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்; லிஃப்டின்போது ஆக்ஸில் சற்றுத் திரும்பிவிட்டால் இந்த ஒழுங்கு கெடுகிறது. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே சாய்வான ஆப்பு வைத்துக் கோணத்தைத் திருத்தலாம். அதை விட்டுவிட்டு ஓட்டினால் முதலில் போவது கிராஸ், அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயில் சீல்.

பணத்தைக் கொடுத்துவிட்டதால் உங்கள் உரிமை போய்விடவில்லை. ஆனால் வாய்ச்சண்டை பலன் தராது. குறைகளைத் தேதியோடு எழுத்தில் கொடுத்து, அவற்றைச் சரிசெய்ய நியாயமான ஒரு கெடுவையும் குறிப்பிடுங்கள். அதற்கு முன் வேறொரு தகுதியான ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் காட்டி, ஷாஃப்ட் கோணங்களையும் அலைன்மென்ட் அளவுகளையும் அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் உணர்வைவிட ஒரு எண்ணை மறுப்பது அவர்களுக்குக் கடினம். இடையில் வேறு யாரையும் கொண்டு எதையும் கழற்ற விடாதீர்கள், இல்லையென்றால் பழி அவர்மேல் திரும்பும்.

கேள்வி: பழைய கிட் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: பட்டைகளில் விரிசல் இல்லாமல், எந்த எடைக்கானவை என்ற பாக எண் படிக்கும்படி இருந்தால் பட்டைகளை மட்டும் வாங்கலாம். ஷாக் அப்சார்பரின் தண்டில் எண்ணெய்க் கசிவோ துருப்புள்ளியோ இருந்தால் அதன் விலை பூஜ்யம் என்றே வைத்துப் பேரம் பேசுங்கள். யூ-போல்ட்டுகள் இறுக்கும்போது நீண்டுவிடுபவை. கழற்றியதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. புஷ்களும் புதிதாகவே வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிய பின்னும் விலை குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வேலையை ஒப்படைக்கும் முன்பும், வண்டியைத் திரும்ப எடுக்கும்போதும் நான் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: ஒப்படைக்கும் முன், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து எழுத்திலேயே ஒப்புதல் பெறுங்கள், உயரத்துக்கும் டயர் அளவுக்கும் உங்கள் நாட்டில் உள்ள வரம்பையும், தனிச் சான்று தேவையா என்பதையும் வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விலைப்புள்ளியில் 'லிஃப்ட், மொத்தமாக' என்று ஒரே வரி இருந்தால் ஏற்காதீர்கள். பாகங்கள் ஒவ்வொன்றும், கூலியும், அலைன்மென்ட்டும் தனியாக எழுதப்பட வேண்டும். பட்டை மாட்டும் சேசிஸ் தாங்கிகளை ஒரு சுத்தியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். துரு தின்ற இடம் மந்தமான ஒலி தரும். அங்கே ஓட்டை விழுந்தால் லிஃப்ட் பேச்சையே நிறுத்திவிட்டு வெல்டிங்குக்கான செலவைப் பேச வேண்டும்.

எடுக்கும்போது, வண்டியை ஒர்க்‌ஷாப்பின் தூக்கு மேடையில் ஏற்றிச் சக்கரங்கள் தொங்கும் நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிக் காட்டச் சொல்லி, முன் பிரேக் ஹோஸ்கள் தளர்வாக இருக்கின்றனவா என்று உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள். ஷேக்கிள் போல்ட்டுகளை வண்டி தன் எடையில் தரையில் நின்றபோது இறுக்கினார்களா என்று கேளுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொண்டே நின்று சில மாதங்களில் கிழியும். முகப்பு விளக்குகளின் ஒளி இப்போது எதிரே வருபவர் கண்ணில் படும் என்பதால் அதைத் தாழ்த்தியாக வேண்டும். டயரும் 31-லிருந்து 33 அங்குலத்துக்கு மாறியிருந்தால், வேகமானி 100 காட்டும்போது உண்மையில் 106 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். யூ-போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். அந்த இரண்டாவது இறுக்கலுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.