வேர் இவ்வளவு இருந்தும் மக்காச்சோளம் ஊதா நிறமாவது ஏன்?

கேள்வி: மக்காச்சோளம் விதைத்து மூன்று வாரம் ஆகிறது. பயிர் குட்டையாக நிற்கிறது, அடி இலைகளின் ஓரம் ஊதா நிறமாகிறது. தோண்டிப் பார்த்தால் சல்லிவேர் நிறைய இருக்கிறது, உதறினாலும் மண் விழாமல் ஒட்டிக்கொண்டு வருகிறது. வேர் நன்றாக இருக்கும்போது சத்துக்குறை எப்படி வரும்? வேர் வளர்ச்சி ஹார்மோன் ஊற்றச் சொல்கிறார்கள், ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். உங்கள் பயிர் அந்த ஹார்மோனைத் தானே தேவைக்குச் சுரந்துதான் இவ்வளவு வேர் விட்டிருக்கிறது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைதான். மணிச்சத்து மண்ணில் லேசில் நகராது. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சிவிட்டால் அந்த இடம் காலி, பக்கத்தில் இருப்பது வந்துசேர நாளாகும், அதனால் வேர்தான் தேடிப் போக வேண்டும். குறையை உணர்ந்ததும் வேர்நுனியில் ஆக்சின் என்ற அந்த ஹார்மோன் கூடி, அங்கிருந்து மேல்தோல் செல்களுக்குப் போய், வேரில் மெல்லிய முடிபோல் இருக்கும் வேர்த்தூவிகளை நீளவைக்கிறது, எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனும் அதற்குக் கைகொடுக்கிறது. நெல்லில் ஆக்சினைக் கடத்தும் ஒரு புரதத்தை முடக்கிப் பார்த்தார்கள். மணிச்சத்து குறைந்தும் தூவி நீளவில்லை. உங்கள் வேரில் மண் அப்படி ஒட்டியிருப்பதற்கும் இந்தத் தூவிகள்தான் காரணம்.

அதே சமயம் வேரில் சைட்டோகைனின் என்ற வேறொரு ஹார்மோன் குறைகிறது. தண்டையும் இலையையும் வளரச் சொல்லி மேலே போகும் சேதி அது. அது குறைந்தால் மேலே வளர்ச்சி சுணங்கி, இலை தயாரிக்கும் சர்க்கரையில் கூடுதல் பங்கு வேருக்குப் போகிறது. ஆக, மேலே குட்டை, கீழே அடர்த்தி, இரண்டும் ஒரே பசியின் அடையாளம். வெளியிலிருந்து ஆக்சின் ஊற்றினால் மண்ணில் இல்லாத சத்து வந்துவிடாது, அளவு மிஞ்சினால் வேர் நீள்வதே நின்றுபோகும்.

இன்னொன்றும் நடக்கிறது. மணிச்சத்து குறையும்போது வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடுகிறது. வேம் (VAM) என்ற மண் பூஞ்சாணம் அதை உணர்ந்து இழைகளைக் கிளைத்து வேரோடு சேர்ந்துகொண்டு, தூவி எட்டாத தூரத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து தரும். ஆனால் பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழும் களையான சுடுமல்லியின் விதையும் இதே கசிவைக் கண்டுதான் முளைக்கிறது. 1966-இல் பருத்தி வேர்க் கசிவிலிருந்து இந்த வகைப் பொருளை முதன்முதலில் பிரித்தபோது அதைச் சுடுமல்லியை முளைக்கவைக்கும் பொருளாகத்தான் அறிந்தார்கள், பூஞ்சாணத்துக்கான அழைப்பும் அதுவே என்பது 2005-இல்தான் தெரிந்தது. சத்தில்லாத நிலத்தில் சுடுமல்லி அதிகம் தலைகாட்ட இதுவும் ஒரு காரணம்.

சரி, இப்போது என்ன செய்வது? குளிர், நீர் தேங்குதல், மண் இறுக்கம் இவற்றாலும் இளம்பயிர் ஊதாவாகும், ஆனால் அப்போது வேர் இப்படி அடர்ந்திருக்காது. சில வீரிய ரகங்களுக்கு இளம் பருவத்தில் அந்த நிறம் இயல்பு, அவை குட்டையாக நிற்காது. மண் பரிசோதனைக்குக் கொடுத்து, கார அமில நிலையையும் கேட்டு வாங்குங்கள், காரம் மிகுந்த மண்ணில் சுண்ணாம்பும் அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இருந்தும் வேருக்குக் கிடைக்காது.

குறை உறுதியானால் பரிந்துரைத்த அளவு டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரத்தை வரிசையிலிருந்து 5 செ.மீ. தள்ளி, 5 செ.மீ. ஆழத்தில் கோடு கிழித்துப் போட்டு மூடி, நீர் பாய்ச்சுங்கள். மேலாகத் தூவினால் மேல்மண்ணிலேயே தங்கிவிடும், தண்டை ஒட்டிப் போட்டால் வேர் கருகும். விதைக்கும்போதே அடியுரமாக இடுவதற்கு இது ஈடாகாது, அடுத்த பட்டத்தில் அதை விட்டுவிடாதீர்கள். வேம் கொடுப்பதானாலும் விதைப்போடு கொடுங்கள், மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்த மண்ணில் அது வேரோடு சரியாகச் சேராது.

அப்புறம், பழைய இலைகளின் நிறத்தை வைத்துப் பலனை அளக்காதீர்கள். புதிதாக விரியும் இலைகள் பச்சையாக, அகலமாக வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் பரிசோதனை முடிவோடு மறுபடி எழுதுங்கள், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்போம்.