படித்தது வீணாகாது

கேள்வி: தாவரவியலில் பிஎச்.டி. முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். பேச்சிப்பாறை மலையில் எடுத்த மூலிகைகளின் சாறு கிருமிகளை எப்படித் தடுக்கிறது என்பதுதான் ஆய்வு. இனி ஆய்வகம் வேண்டாம், காப்புரிமைத் துறைக்குப் போக ஆசை. அதற்கு மறுபடியும் மூன்று வருடம் சட்டம் படிக்கணுமா? ‘படித்ததெல்லாம் வீணா’ என்று வீட்டில் வருத்தப்படுகிறார்கள்.
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: நானும் மார்த்தாண்டத்துக்காரன், அதனால் உரிமையோடு ‘நீ’ என்றே எழுதுகிறேன். சட்டக் கல்லூரி இப்போதைக்கு வேண்டாம், மக்களே. 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், 126-வது பிரிவைப் பார். 21 வயதான இந்தியக் குடிமகளாக, அறிவியல் பட்டத்தோடு, காப்புரிமை முகவர் (பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதி நடத்துபவர்) தேர்வில் ஜெயித்தால் போதும். இரண்டு தாள், அப்புறம் நேர்காணல். நீதிமன்றத்தில் வாதாட ஆசை வந்தால் அப்போது எல்.எல்.பி. படிக்கலாம்.

இரண்டாம் தாளில்தான் ஆய்வாளர்கள் திணறுகிறார்கள். கட்டுரையில் கண்டறிந்ததை எழுதிப் பழகிய கை, கிளெய்மில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியில், நிலத்துக்குக் கல் நடுவது போல எல்லை போட வேண்டும். உன் ஆய்வையே எடு. செடிக்குக் காப்புரிமை கிடையாது. இந்த மலையின் காணிப் பழங்குடி மக்கள் தலைமுறையாகச் சொல்லிவரும் மருந்தென்றால், பாரம்பரிய அறிவுக்கு உரிமை தராத 3(p) பிரிவு தடுக்கும். இரண்டு சாறுகளைச் சும்மா கலந்தாலும் கிடைக்காது. சேரும்போது கூடுதல் பலன் இருப்பதை எண்களால் காட்டணும். அந்த எண்களைப் பார்த்ததும் ‘கன்ட்ரோல் (சாறு சேர்க்காமல் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை) எங்கே?’ என்று கேட்க உன்னைப் போல ஆய்வகத்தில் நின்றவருக்குத்தான் வரும். வீட்டில் இதைச் சொல்.

செடியை எங்கே எடுத்தாய் என்பதையும் விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அதையே காரணமாக வைத்து எதிர்க்கலாம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 1987-ல் காணி மக்கள் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடிதான் பிறகு ‘ஜீவனி’ மருந்தானது. உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. எனக்கு இந்தத் தொழில்மீது மதிப்பு வந்ததே அந்த ஏற்பாட்டைப் படித்த பிறகுதான். உனக்குச் செடி காட்டியவர் யாரென்று இன்றே எழுதி வை.

இன்னொன்று அவசரம். ஆய்வேடும் கட்டுரையும் வெளியே போகும் முன் வழிகாட்டியிடம் பேசு. வெளியானபின் புதுமை என்று கேட்பது மிகவும் கஷ்டம். பயிற்சிக்கு, காப்புரிமை அலுவலக இணையதளத்தில் மூலிகை விண்ணப்பம் ஒன்றைத் தேடி எடு. கிளெய்ம், அலுவலகம் எழுப்பிய ஆட்சேபம், அதற்கு முகவர் தந்த பதில், மூன்றும் இலவசமாகவே கிடைக்கும். பதிலைப் படிக்கும் முன் உன் பதிலை எழுதிப் பார்.