வேலையும் வரைதலும்: கேள்வி பதில்

காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் பதினாறு வருஷம் கணக்கு எழுதினேன். அதே வருஷங்களில் விடியற்காலையில் செட்டிநாட்டு வீடுகளை மையில் கோட்டோவியமாக வரைந்தேன். இப்போது மூன்று வருஷமாக வரைவதுதான் தொழில். வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

அக்கா, நான் தேவகோட்டை. பேங்க் வேலை. வீடு திரும்ப ஏழரை ஆகிறது. கதை எழுத உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது.

ராத்திரியை விட்டுவிடுங்கள் தம்பி. நானும் இரண்டு வருஷம் ராத்திரியில் முயன்றேன். நாள் முழுக்கக் கூட்டல் போட்ட கண்ணுக்கு ஒரு நேர்க்கோடுகூட வரவில்லை. பிறகு காலை நாலே முக்காலுக்கு எழ ஆரம்பித்தேன். ஆறேகாலுக்குக் குழாயில் தண்ணீர் வரும், அதுவரை என் நேரம். தாளையும் மையையும் முந்தின ராத்திரியே எடுத்து வைத்துவிடுவேன். காலையில் எழுந்து 'இன்று எதை வரைவது' என்று யோசித்தால் அதிலேயே அரை மணி போய்விடும். நீங்களும் மறுநாள் எழுத வேண்டிய காட்சியை ஒரு வரியில் குறித்து வைத்துவிட்டுப் படுங்கள்.

தினம் ஒரு மணி நேரத்தில் பெரிதாக என்ன செய்துவிட முடியும்? (கோட்டையூர்)

உங்கள் ஊர் ரோஜா முத்தையா பிழைப்புக்கு விளம்பரப் பலகை எழுதியவர். மிச்ச நேரத்திலும் மிச்சப் பணத்திலும் பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று சேர்த்துக்கொண்டே இருந்தார். 1992இல் அவர் காலமானபோது அந்தச் சேகரிப்பு ஏறத்தாழ ஒரு லட்சம். 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஆனது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வேலையை எப்போது விடலாம் அக்கா? போன மாதம் ஓவியத்தில் சம்பளத்தைவிட அதிகம் வந்தது.

அது எந்த மாதம் என்று பாருங்கள். தை மாதமாக இருந்தால் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். நம் பக்கம் ஆர்டர் பெரும்பாலும் கல்யாணத்தை ஒட்டி வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆர்டரும் இல்லை. ஒரு முழு வருஷத்து வரவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள்.

ஓவியத்துக்கென்று தனிப் பேரேடு வையுங்கள். வட்டிக்கடைப் பெட்டியடியில், பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்குப் படித்த ஊர் நம்முடையது, இதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாள், மை, படச்சட்டம், பார்சல் செலவு எல்லாம் எழுதுங்கள். முதல் வருஷம் நான் லாபம் என்று நினைத்ததில் பாதி, சட்டம் போட்டவருக்குப் போயிருந்தது. என் வீட்டுச் செலவு மாதம் 22,000. அந்தத் தொகை இரண்டு வருஷம் சராசரியாக வந்து, ஒரு வருஷச் செலவு பேங்க்கிலும் சேர்ந்த பிறகுதான் கடையில் சொன்னேன். இவ்வளவு காத்திருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளம் வந்ததால்தான் பிடிக்காத ஆர்டரை மறுக்க முடிந்தது, என் கோடு எனக்கென்று உருவானது அந்த வருஷங்களில்தான்.

மத்திய அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். கதைக்குப் பணம் தந்தால் வாங்கலாமா?

1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15ஆவது விதியைப் படியுங்கள். இலக்கியம், கலை சார்ந்த பணியை அவ்வப்போது செய்ய முன் அனுமதி தேவையில்லை. அலுவலக வேலை கெடக் கூடாது. கடையாகவோ வியாபாரமாகவோ நடத்த அனுமதி வேண்டும். பணம் வாங்குவதைப் பற்றி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறேன். வீட்டில் நானே புதுப் பூ டிசைன்கள் போட்டு வைத்திருக்கிறேன். முதலாளியிடம் காட்டலாமா?

காட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள் தம்பி. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வேலையின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்குச் சொந்தம். நீங்கள் வீட்டில் வரைந்தது உங்களுடையது. ஆனால் தொழில்முறையில் தயாராகும் பொருளுக்கான டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, உங்கள் சம்மதத்தோடு ஐம்பது டைல்ஸுக்கு மேல் வார்த்துவிட்டால் அதன் பதிப்புரிமை (காப்பிரைட்) போய்விடும். ஒரு அறைத் தரைக்கே ஐம்பது போதாது! 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தில் பதிவு செய்தால் பத்து வருஷம் பாதுகாப்பு, நீட்டித்தால் இன்னும் ஐந்து. வெளியே காட்டும் முன் விண்ணப்பித்துவிட வேண்டும், வெளியான டிசைன் புதியதாகக் கருதப்படாது. ஒரு விடுதி என் படத்தைக் கேட்காமல் சுவரில் அச்சடித்து மாட்டியபோது, அது என்னுடையது என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

வேலையை விட்டதில் வருத்தம் உண்டா?

முதல் வருஷம் இருந்தது. பயத்தில் வந்த ஆர்டரையெல்லாம் வாங்கிப்போட்டேன். எட்டு மாதம் எனக்கென்று ஒரு கோடுகூட வரையவில்லை. கடையில் இருந்தபோது கிடைத்த அந்தக் காலை நேரம், முழுநேர ஓவியரான பிறகு காணாமல் போயிருந்தது. அப்புறம் பழையபடி நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஆர்டர் வேலையைப் பத்து மணிக்கு மேல்தான் தொடுகிறேன். இப்போது காலையில் ஒரு பழைய வீட்டின் வளவை, அதாவது உள்முற்றத்தை, வரைந்துகொண்டிருக்கிறேன். அதை யாரும் கேட்கவில்லை.